பியூலாவுக்குக் கேட்ட சத்தம்

"இப்ப கேக்குதோ ஐயா?"

கராஜின் பள்ளத்துக்குள் நின்றபடி கண்ணன் கேட்டார். மேலே எங்கள் பழைய கார். அதன் வயிற்றுக்குக் கீழே, கியர்ப் பெட்டியிலிருந்து பின் அச்சுவரை போகும் நீண்ட இரும்புக் குழாயை இரண்டு கைகளாலும் பிடித்து, மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தார்.

நான் பள்ளத்தின் படியில் குனிந்து நின்றேன். என் மனைவி பியூலா மேலே ஒரு பிளாஸ்டிக் கதிரையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் இருப்பவள்போல இருந்தாள்.

"என்ன கேக்கிறது?" என்றேன்.

கண்ணன் இன்னும் மெதுவாக உருட்டினார். பிறகு நிறுத்திவிட்டு நிமிர்ந்து பியூலாவைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். ஒரு கணம்தான். எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவர்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

"விடுங்கோ தம்பி. அவருக்குக் கேக்காது," என்றாள் பியூலா.

அது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது.

காதுப் போர்மன்

இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறவர்களுக்கு நான் ஐஸ் தொழிற்சாலையில் போர்மனாக இருந்த காலம் தெரியும். இன்றுதான் இந்தப் பக்கத்தைத் திருப்பியவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்கிறேன்.

வடமராட்சிக் கரையில், மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் அடித்துக் கொடுக்கும் தொழிற்சாலை அது. உள்ளே குளிரூட்டும் பெரிய இயந்திரங்கள் நான்கு. மின்சாரம் இல்லாத நாட்களுக்கு டீசல் எஞ்சின்கள் இரண்டு. அவற்றுக்கு நடுவில்தான் என் மேசை. முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சத்தத்துக்குள் இருந்தேன். பக்கத்தில் நிற்கிறவரோடு கதைப்பதென்றாலும் காதுக்குள் வாயை வைத்துத்தான் கத்த வேண்டும்.

அங்கே எனக்கு ஒரு பெயர் உண்டாயிற்று. நீளமான திருப்புளி ஒன்றின் நுனியை ஓடுகிற எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கேட்பேன். எந்த வால்வு பிழை, எந்தப் பெயரிங் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். தொண்டைமானாற்று மீன்பிடித் தொழிலாளிகள் தங்கள் படகு எஞ்சின்களைத் தூக்கிவந்து முற்றத்தில் இயக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருமுறை ஒருவர் வாசலில் எஞ்சினை இயக்கியதுதான் தாமதம், உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்த நான் "ரண்டாவது இன்ஜெக்டர்!" என்று கத்தினேன். சரியாக இருந்தது. அவர் அதைக் கரையெல்லாம் சொல்லித் திரிந்தார். சந்நிதிக் கோயில் திருவிழாக் கூட்டத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என்னை நிறுத்தி, "நீங்கள்தானே அந்தக் காதுப் போர்மன்?" என்று கேட்டிருக்கிறார்.

காதுக்கு ஏதாவது அடைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் நாங்கள் சிரிப்போம். காதை அடைத்துவிட்டு எஞ்சினை எப்படிப் பார்ப்பது?

ஓய்வு பெற்று வந்த பிறகும் அந்தப் பெயர் கூடவே வந்தது. நானும் அதைக் கழற்றி வைக்கவில்லை.

ஜாக்கி, மவுண்டிங், ரப்பர்

எங்கள் கார் எண்பதுகளில் ஜப்பானிலிருந்து வந்தது. பால் வண்ணம். எஞ்சின் முன்னால், இழுப்பது பின்சில்லுகள். இந்தக் காலத்துக் கார்களில் முன்சில்லுகளே இழுத்துவிடுகின்றன. பழையவற்றில் எஞ்சினின் பலத்தைப் பின்னால் கொண்டுபோக நான் மேலே சொன்ன அந்த நீண்ட குழாய் வேண்டும். சாப்ட் என்பார்கள். பள்ளம் திட்டியில் பின்சில்லுகள் ஏறி இறங்கும்போது குழாயும் வளைந்து கொடுக்க வேண்டும் அல்லவா? அதற்காக அதன் இரு முனையிலும் சிலுவை வடிவத்தில் ஒரு மூட்டு இருக்கிறது. சிலுவையின் நாலு நுனியிலும் ஒரு சிறு கிண்ணம், கிண்ணத்துக்குள் ஊசிபோல மெல்லிய உருளைகள், அவற்றுக்குக் கொஞ்சம் கிறீஸ். அந்தக் கிறீஸ் காய்ந்துபோனால் தொல்லை தொடங்கும்.

இதற்கு முன்பு எங்களிடம் இருந்த கார், போர்க்காலத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் ஓடியது. பெற்றோலை இரண்டு சொட்டுக் காட்டி எஞ்சினை எழுப்பிவிட்டு, மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். வெடித்து, இருமி, புகை கக்கிக்கொண்டு போகும். ஞாயிறு ஆராதனைக்குப் போனால் நாங்கள் இருக்கும் வாங்கில் மட்டும் மண்ணெண்ணெய் மணக்கும். அந்தக் காரை ஓட்டியவனுக்கு அதன் பிறகு வந்த எந்தக் காரும் சத்தம் போடுவதாகவே தோன்றவில்லை. என் பிழைக்கு இதையும் ஒரு காரணமாக எழுதிவைக்கிறேன்.

இரண்டு மூன்று வருடங்களுக்கு முன், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலத்தில், பியூலா முதன்முதலாகச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, சீற்றுக்குக் கீழை ஏதோ கீச்சிடுது."

கரவெட்டியில் எங்கள் ஒழுங்கையில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம். நான் காதைக் கொடுத்தேன். எஞ்சின் பூனைபோல உறுமியது. வேறு ஒன்றும் இல்லை.

"ஒண்டும் கேக்கேல்லையே."

"கீச், கீச், கீச் எண்டு. எலிக்குஞ்சு மாதிரி."

"உமக்குக் காதிலை ஏதோ பிழை," என்றேன்.

இதை எழுதும்போது என் கை கூசுகிறது. ஆனாலும் அப்படித்தான் சொன்னேன். ஒருமுறை அல்ல.

சில வாரம் கழித்து எனக்கும் ஒன்று கேட்டது. கிளச்சை விட்டுக் கார் நகரத் தொடங்கும்போது அடியில் ஒரு 'டொக்'. டிக்கிக்குள் ஜாக்கி உருளுகிறது என்று முடிவு செய்து, அதைத் துணியில் சுற்றிக் கட்டினேன். டொக் நிற்கவில்லை. எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கை மாற்றினேன். நிற்கவில்லை. பின்பக்கத்து அதிர்வுதாங்கியின் ரப்பர்களை மாற்றினேன். அதற்கும் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் பியூலாவிடம், "இப்ப சரி," என்று அறிவித்தேன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

கலண்டர்த் தாள்

பியூலா முப்பத்தைந்து வருடம் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள். வாய் திறந்து நோவைச் சொல்ல முடியாதவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். குழந்தைகள், மயங்கிக் கிடப்பவர்கள், சொல்ல வெட்கப்படுபவர்கள். அப்படியானவர்களுக்கு எப்போது, எவ்வளவு நேரம், எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது என்று எழுதிவைப்பது அவளுக்குப் பழக்கம்.

என் பக்கத்தில் இருந்துகொண்டே அவள் காருக்கும் அதைத்தான் செய்தாள். போன மாதத்துக் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் குறிப்பு எழுதினாள். சந்தைச் சாமான் எழுதுகிறாள் என்று நான் பேசாமல் ஓட்டினேன்.

அந்தத் தாள் இப்போது என் மேசை லாச்சியில் இருக்கிறது. அதில் உள்ளபடியே கொஞ்சம் தருகிறேன்:

'மெதுவாகப் போகும்போது கீச்சு. காலை கூட. மழைக்கு அடுத்த நாள் இல்லை. கியர் மாற்றினாலும் கீச்சு மாறவில்லை. கார் ஓடும் வேகத்தோடுதான் மாறுகிறது. கிளச் விடும்போது டொக். பின்னுக்கு எடுக்கும்போதும் டொக். வல்லை வெளியில் ஐம்பது தாண்டினால் என் கால்மாட்டில் நடுக்கம். அறுபதில் கூட. இவர் தன் பாட்டில் ஓட்டுகிறார்.'

வல்லை வெளியில்

அது சோளகக் காற்று அடிக்கும் காலம். யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டு மதியம் திரும்பி வந்துகொண்டிருந்தோம். வல்லை வெளியில் வீடில்லை, மரமில்லை. காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. நானும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தேன். கார் நடுங்கியது உண்மை. காற்று என்று நினைத்தேன்.

திடீரென்று பியூலா என் இடது கையைப் பிடித்து உலுக்கினாள்.

"நிப்பாட்டுங்கோ!"

பிரேக்கை அழுத்தி ஓரம் கட்டினேன். "என்னப்பா, பயந்துபோனன். முதலே சொல்லக்கூடாதே?"

அவள் முகம் வெளுத்திருந்தது. "மூண்டு தரம் சொன்னனான்," என்றாள். "மூண்டு தரம்."

"காத்துச் சத்தத்திலை கேக்கேல்லை."

"சீற்றுக்குக் கீழை இரும்பு அடிபடுது. நான் இதிலை இனி வரமாட்டன்."

"உது காத்து, பியூலா."

அவள் கதவைத் திறந்தாள். கலியாணச் சீலையோடு, கையில் பலகாரப் பைக்கற்றோடு வெளியே இறங்கினாள். சீலைத் தலைப்பைக் காற்று பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. பின்னால் பருத்தித்துறை மினிபஸ் ஒன்று வந்தது. அறுபத்தெட்டு வயதில், நடுவெளியில், கையை நீட்டி அதை மறித்தாள்.

"எங்கை போறீர்?"

"வீட்டை. நீங்கள் உங்கடை காரோடை வாங்கோ. மெதுவா வாங்கோ."

மினிபஸ் அவளை ஏற்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது. நடத்துநர் வாசலில் தொங்கியபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்களுக்குக் கலியாணமாகி நாற்பது வருடங்களுக்கு மேல். அதற்கு முன் ஒருநாளும் அவள் என்னை விட்டுவிட்டு இறங்கிப் போனதில்லை.

கோபம் வந்தது. கொஞ்சத்தில் போய்விட்டது. அந்த வெளியில் தனியாக இருந்தபோது எனக்குப் பயம் வந்தது. எதற்கென்று அப்போது தெரியவில்லை. முதலாம் இரண்டாம் கியரிலேயே வீடு வந்து சேர்ந்தேன். அவள் எனக்கு முன்பே வந்து, சீலை மாற்றி, தேநீர் போட்டு மூடி வைத்திருந்தாள்.

அடுத்த நாள் காலை ஓட்டோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு கலண்டர்த் தாளோடு நெல்லியடிக்குப் போனாள். கண்ணனின் கராஜுக்கு. போகும்போது என்னிடம் சொல்லவில்லை. திரும்பி வந்துதான் சொன்னாள்.

"காரை இருபதுக்கு மேலை ஓடாமல் கொண்டுவரட்டாம்."

என் காரின் பிழையை வேறொருவரிடம் சொல்லிவிட்டாள் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவள் ஏறிப்போன மினிபஸ் கண்முன்னே நின்றது. சாவியை எடுத்தேன்.

பள்ளத்துக்குள்

கண்ணனுக்கு நாற்பது வயது இருக்கும். அதிகம் கதைக்காதவர். நாங்கள் போனபோது அந்தத் தாள் அவருடைய மேசையில் ஒரு ஸ்பானருக்குக் கீழே படபடத்துக்கொண்டிருந்தது.

"ஐயா, இதிலை ஒரு வரி இருக்கு," என்றார். "கியர் மாத்தினாலும் கீச்சு மாறேல்லை, கார் ஓடுற வேகத்தோடைதான் மாறுது எண்டு. அப்ப எஞ்சினிலை பிழையில்லை. கியர்ப் பெட்டிக்குப் பிறகு சுத்திற சாமானிலைதான் பிழை. அம்மா இவ்வளவும் எழுதித் தந்தபிறகு எனக்குப் பெரிய வேலை இல்லை."

ஐஸ் தொழிற்சாலையில் ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தால் அவருக்கு நான் உடனே பதவி உயர்வுக்கு எழுதியிருப்பேன். அன்று அந்த ஸ்பானரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காரைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, முன்சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, பின்சில்லுகளை ஜாக்கியில் தூக்கி, கியரிலிருந்து எடுத்துவிட்டுக் கீழே இறங்கினார். குழாயை உருட்டினார். அப்போதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன கேள்வி வந்தது. இப்ப கேக்குதோ ஐயா?

பியூலா பதில் சொன்ன பிறகு கண்ணன் என்னைக் கீழே வரச் சொன்னார். என் கையைப் பிடித்து, கியர்ப் பெட்டிக்குப் பின்னாலுள்ள மூட்டின்மேல் வைத்தார். மறுபடி உருட்டினார்.

விரல் நுனியில் ஒரு கரகரப்பு. மணல் அரைபடுவதுபோல. அது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் வந்தது. மேலே பியூலா, "ம், ம், ம்," என்று அதே தாளத்தில் தலையை ஆட்டினாள். என் விரலுக்குத் தெரிந்த இடத்தில் அவளுக்குச் சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு அவர் குழாயை இப்படியும் அப்படியும் முறுக்கினார். மூட்டு ஆடியது. டொக், டொக். இது எனக்குக் கேட்டது. மூட்டைச் சுற்றிச் செங்கட்டி மாவைத் தூவியதுபோலத் துருப்பொடி.

குழாயும் மூட்டும் சேரும் இடத்தில் வெள்ளைப் பெயின்ரால் ஒரு கோடு போட்டார். திரும்பப் பூட்டும்போது அதே நிலையில் பூட்டவேண்டும், இல்லாவிட்டால் நடுக்கம் போகாது என்றார். கழற்றி மேலே கொண்டுவந்து, சிலுவையின் கிண்ணத்தைத் தட்டி எடுத்தார். உள்ளே ஊசி உருளைகள் இருக்கவில்லை. அவற்றின் தூள்தான் இருந்தது.

"முன்பக்கத்து மூட்டு, ஐயா. உது ஓட்டத்திலை கழண்டிருந்தால் குழாய் றோட்டிலை குத்தும். கார் அதுக்கு மேலை ஏறித்தான் கவிழும்." கிண்ணத்தைக் கவிழ்த்துத் தூளைத் தன் உள்ளங்கையில் கொட்டினார். "வல்லை வெளியிலையே நிப்பாட்டினதாம் எண்டு அம்மா சொன்னவா. நல்ல காலம்."

நான் பியூலாவைப் பார்த்தேன். அவள் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

இரண்டு முனைக்கும் புதிய மூட்டுப் போட்டு, பின்னேரம் வெளியே ஓட்டிப் பார்த்தோம். பியூலாவை முன்னால் இருத்தி, கண்ணன் ஓட்டினார். நான் பின்னால் இருந்தேன். ஒழுங்கையில் மெதுவாக, பிறகு வீதியில் வேகமாக. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

"எப்பிடி அம்மா?"

"இல்லை. நிண்டிட்டுது."

கராஜில் இறங்கியதும் கண்ணன் என்னைக் கைகழுவும் குழாயடிக்குக் கூட்டிப்போனார். சவர்க்காரத் தூளை என் கையில் போட்டார். குரலைத் தாழ்த்தவில்லை, என் முகத்தை நேரே பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"கோவிக்காதேங்கோ ஐயா. எஞ்சினுக்குள்ளை வேலை செய்த ஆக்களுக்கு இது வாறதுதான். எனக்கும் இப்பவே தொடங்கிட்டுது. ஒருக்காப் போய்க் காட்டுங்கோ."

அதுவரை என்னிடம் யாரும் இதை இவ்வளவு மரியாதையாகச் சொன்னதில்லை. அல்லது சொன்னது எனக்குக் கேட்டிருக்காது.

சொன்னனான்

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

"எவ்வளவு காலமா எனக்குக் கேக்கேல்லை?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வேலையாலை நிண்ட காலத்திலை இருந்து. பத்து வருஷம் இருக்கும்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னனான்," என்றாள். "உங்களுக்குக் கேக்கேல்லை."

சிரிப்பை அடக்க முடியாமல் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் ஒழுங்கை முகப்பில் காரை நிறுத்திவிட்டுச் சிரித்தோம். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள், நான் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் விளங்கியது:

"திருப்பித் திருப்பிச் சொன்னால் நீங்கள் எரிஞ்சு விழுவியள். அதுதான் விட்டிட்டன்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டில் சத்தம் குறைந்துபோனதற்கு, மகள் வெளிநாடு போனதும் எங்களுக்கு வயதானதும்தான் காரணம் என்று நான் எண்ணியிருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் காது பரிசோதிக்கும் இடத்தில், ஒரு சிறு அறைக்குள் என்னை இருத்தி, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். நான் நல்ல மாணவன்போல அமத்தினேன். வெளியே வந்து தாளைப் பார்த்தால், கோடு பாதித் தூரம் சமதரையில் வந்து, பிறகு கிணற்றுக்குள் விழுந்திருந்தது.

"தடிச்ச சத்தமெல்லாம் உங்களுக்கு நல்லாக் கேக்குது ஐயா," என்றார் பரிசோதித்த பெண். "மெல்லிசுகள்தான் போயிட்டுது. குருவி, மணி, கீச்சுச் சத்தம். பொம்பிளையள் மெதுவாக் கதைக்கிறது."

எஞ்சினின் உறுமல் கேட்டது, டொக் கேட்டது. அதனால்தான் எல்லாமே கேட்கிறது என்று இருந்துவிட்டேன். கேட்காத சத்தம் கேட்கவில்லை என்று ஒருவனுக்கு எப்படித் தெரியும்?

அச்சுவேலிச் சந்தியில்

காதுக் கருவிகள் வந்த அன்று யாழ்ப்பாணத்தில் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, வீடு திரும்பக் காரில் ஏறினேன். முதலில் பயந்துதான் போனேன். சிக்னல் போட்டால் டிக் டிக் என்று அடித்தது. என் சேட்டுக் கை உரசுவதுகூடக் கேட்டது. பியூலா பக்கத்தில் இருந்து, வழக்கம்போல வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோப்பாய் தாண்டும்போது யாரோ தாழ்ந்த குரலில் கதைப்பது கேட்டது. ரேடியோ என்று நினைத்துக் கையை நீட்டினேன். ரேடியோ போடப்படவில்லை.

பியூலா.

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, வாயைச் சற்றே அசைத்து, அவள் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"உந்த வீட்டுக்குப் பச்சை அடிச்சிருக்கினம், வடிவில்லை... பிள்ளைக்கு அங்கை இப்ப விடிஞ்சிருக்கும், சாப்பிட்டாளோ தெரியேல்லை... ஐயோ, வாழையெல்லாம் முறிஞ்சுபோய்க் கிடக்கு, ஆரின்ரை தோட்டமோ பாவம்..."

என்னோடு கதைக்கவில்லை. எனக்குக் கேட்கும் என்ற நினைப்பும் இல்லை. எத்தனை வருடமாக இப்படி வருகிறாளோ! நான் அசையவில்லை. தலையைத் திருப்பினால் நிறுத்திவிடுவாள் என்று பயந்தேன். நீர்வேலி வந்தது, புத்தூர் வந்தது. அவள் கதைத்துக்கொண்டே வந்தாள். வீதி ஒருமுறை கலங்கித் தெரிந்தது. இமையைச் சிமிட்டிச் சரிசெய்துகொண்டேன்.

"...ஈஸ்டருக்கு அந்த நீலச் சீலையைக் கட்டலாம். இவருக்கு இப்பவும் நீலம் பிடிக்குமோ என்னவோ..."

"பிடிக்கும்," என்றேன்.

அவள் திடுக்கிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

"கேட்டதோ?"

"ஓம்."

"எவ்வளவு நேரமா?"

"கோப்பாயிலை இருந்து."

அவள் முகம் சிவந்துபோயிற்று. கைப்பையைத் திறந்து எதையோ தேடி, ஒன்றும் எடுக்காமல் மூடினாள். கெடுத்துவிட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

அச்சுவேலிச் சந்தியில், நேரே போகவேண்டிய காரை இடப்பக்கம் திருப்பினேன்.

"ஏன் இதாலை?"

"தொண்டைமானாற்றாலை சுத்திப் போவம்."

"அது தூரமெல்லே?"

"ஓம்," என்றேன். "தூரந்தான்."

அவள் சற்று நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு சீற்றில் சாய்ந்து, காலை நீட்டி, மறுபடி கதைக்கத் தொடங்கினாள். இந்த முறை என் பக்கம் திரும்பி.